கண்டக்டரின் சிவப்புப் புள்ளி

‘கண்டக்டர் எங்கே இருக்கிறார்?’ என்று எங்கள் தெருவில் கேட்டால் சின்னக் குழந்தைகூட என் கடைக்கு மேல்மாடியைக் கை காட்டும். ஏறிப் போகிறவர்கள் அங்கே ஒரு ஸ்டுடியோவையும் அதற்குள் ஒரு போட்டோகிராஃபரையும் பார்த்துத் திருதிருவென்று விழிப்பார்கள். அவர் ஒரு நாள்கூட பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவர் இல்லை. ஒரு கண்டக்டரைப் படம் எடுத்தவர், அவ்வளவுதான்.

அந்தப் படத்தை விட்டுவிட்டு அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு பஸ் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தது. பிழைத்தவர்களில் அந்த பஸ்ஸின் கண்டக்டரும் ஒருவர். படத்தில் அவர் சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு கரையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, டிக்கெட் அடிக்கட்டைகளை முழங்காலில் பிரித்து வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறார். உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று அவர் ஒருவரால்தான் சொல்ல முடியும். பின்னால் நிற்கும் கூட்டம் மொத்தமும் ஆற்றைப் பார்க்கிறது. அவர் மட்டும் காகிதத்தைப் பார்க்கிறார். பேப்பரின் முதல் பக்கத்தில், எங்கள் போட்டோகிராஃபர் பெயரோடு வந்தது அந்தப் படம். அதே பேப்பரில் இவருக்கு வேலை கிடைத்தது, பரிசு கிடைத்தது, பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிட்டார்கள். பட்டப்பெயரும் கிடைத்தது. சொந்தப் பெயரைத்தான் எல்லோரும் மறந்துபோனார்கள்.

நான் கீழே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எனக்குப் பொறுமை குறைவு என்று தெருவே சொல்லும். தெரு சொல்வது சரிதான். கண்டக்டருக்கோ வாய் ஓயாது. இஸ்திரி கலையாத சட்டை, நாற்காலியில் கைக்குட்டை விரித்துத்தான் உட்காருவார், உட்கார்ந்ததும் ஆற்றங்கரைக் கதை. “முழங்கால் தண்ணியில நிக்கிறேன்ம்மா. கை நடுங்குது. முழங்கையை விலாவோட அழுத்திக்கிட்டு ஒரே ஒரு தடவை அமுக்கினேன்.” எத்தனை முறை கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் பேசும்போது, கம்ப்யூட்டர் ஆசிரியர்கள் கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன். ஒரு சிறுமி எழுந்து, “அவர் சட்டையில ஏன் சார் ரெண்டு பட்டன் ஒட்டி ஒட்டி இருக்கு?” என்றாள். படத்தில் அப்படித்தான் இருக்கும். நெஞ்சுக்குக் கீழே இரண்டு பொத்தான்கள், ஒன்றின் மேல் ஒன்று இடித்துக்கொண்டு. கண்டக்டர் சற்றும் யோசிக்கவில்லை. “அறுந்துபோன பட்டனை வீட்டுல யாரோ கண்ணு சரியாத் தெரியாதவங்க இடம் தப்பித் தைச்சிருக்காங்க. ஏழையோட சட்டைம்மா அது” என்றார். அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன், பொய் சொல்லக்கூடாது.

இப்போது தம்பியைப் பற்றி. கண்டக்டருக்கு ஒரே தம்பி. இருவரும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி இரண்டு டிஜிட்டல் கேமரா வாங்கினார்கள். அண்ணன் பேச்சு, தம்பி வேலை. படம் எடுத்து வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வது தம்பிதான். அண்ணனுக்கு மவுஸைப் பிடிக்கக்கூடத் தெரியாது. அண்ணன் பேப்பர் வேலைக்குப் போன பிறகு தம்பி கல்யாணம், பிறந்தநாள், பள்ளிக்கூட குரூப் போட்டோ என்று ஸ்டுடியோவை ஓட்டினார். ஆற்றங்கரைக் கதை நடக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அண்ணன் எதையாவது விட்டுவிட்டால், “கை நடுங்கினதைச் சொல்லுண்ணே” என்று மெல்ல எடுத்துக்கொடுப்பார்.

தம்பியின் கேமராவில் ஒரு கோளாறு இருந்தது. உள்ளே ஒளியை வாங்கும் தகட்டில் கடுகளவு இடம் பழுது. அதனால் அவர் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். ஒருமுறை மாப்பிள்ளையின் மூக்கு நுனியில் பருவைப்போல உட்கார்ந்து, எங்கள் எல்லோரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தது. தம்பி கம்ப்யூட்டரில் பக்கத்துத் தோலைக் கொஞ்சம் நகலெடுத்து அதன் மேல் ஒட்டி மறைப்பார். ஒவ்வொரு படத்திலும் கையால் அதைச் செய்வார். வேறு கேமரா வாங்கச் சொன்னால், “பழகிடுச்சு” என்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம், மாடிப்படியில் ஏறும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த தம்பி எழுந்திருக்கவில்லை. நான்தான் முதலில் ஓடினேன். அந்த மூன்றாவது படியில் இன்றும் நான் கால் வைப்பதில்லை.

போன மாதம் தம்பியின் மனைவி மாடிக்கு வந்தார். நான் அங்கே பிரிண்டரைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

“மக கேக்கறா மாமா, அப்பா என்ன படமெல்லாம் எடுத்தாருன்னு” என்றார். “எல்லாத்துலயும் ஸ்டுடியோ பேருதான் இருக்கு. அவர் எடுத்ததை மட்டும் பிரிச்சுக் குடுங்க. பத்தே பத்து இருந்தாலும் போதும்.”

“குடுக்கறேன்ம்மா” என்றார் கண்டக்டர். முகம் என்னவோ செத்துப்போனது.

வேலை என் தலையில் விழுந்தது. படங்கள் எல்லாம் ரா ஃபைல்கள். அதாவது கேமரா கண்டதைச் சமைக்காமல் பச்சையாக அப்படியே வைத்திருக்கும் கோப்புகள். அவற்றைத் திறக்கத் தனி சாஃப்ட்வேர் வேண்டும். தம்பி வைத்திருந்தது கேமரா கம்பெனி அந்தக் காலத்தில் கொடுத்தது. அவருடைய பழைய கம்ப்யூட்டரோடு அதுவும் போய்ச் சேர்ந்தது. புதிய கம்ப்யூட்டரில் அது ஏறவே இல்லை. அண்ணன் படம், தம்பி படம் எல்லாவற்றையும் தேதிவாரியாகத் தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் கொட்டி வைத்திருந்தார் தம்பி. எந்தக் கேமராவில் எடுத்தது என்று கோப்புக்குள் எண் இருக்குமா என்று முதல் வேலையாகப் பார்த்தேன். அந்தப் பழைய மாடல் அதை எழுதுவதில்லை.

நல்ல சாஃப்ட்வேராக ஒன்றைத் தேடிக் கீழே என் கடைக் கம்ப்யூட்டரில் போட்டேன். பழைய படங்கள் நேற்று எடுத்ததுபோலப் பளிச்சென்று திறந்தன. கண்டக்டர் கைக்குட்டை விரிக்க மறந்து உட்கார்ந்துவிட்டார். நூறு படம் பார்த்திருப்போம்.

“புள்ளி ஒண்ணையும் காணோமே” என்றார்.

“அதுவே துடைச்சிடும்ண்ணே. பழுதான இடத்தைத் தானா கண்டுபிடிச்சு மறைச்சிடும். இந்தக் காலத்து சாஃப்ட்வேர்.”

“அப்ப யார் எடுத்ததுன்னு தெரியாது?”

“தெரியாது.”

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். அது ஏமாற்றம் இல்லை. அப்போது எனக்குப் புரியவில்லை, ஆனால் பார்த்தேன். “சரி விடு. நல்லாத்தான் இருக்கு. இதுவே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு மேலே போனார். தம்பி மனைவிக்கு போன் செய்து, பிரிக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். “எல்லாம் எதுக்கு மாமா?” என்று அவர் போனை வைத்துவிட்டாராம்.

அதற்குப் பிறகு மனிதர் மாறிப்போனார். பேச்சு நின்றது. ஒருநாள் என் கடைச் சுவரில் எதையோ நகத்தால் சுரண்டினார். கேட்டால், சிவப்பாக ஒரு புள்ளி என்றார். சுவரில் ஒன்றுமே இல்லை. பேப்பரில் தெரிகிறது, சாப்பாட்டுத் தட்டில் தெரிகிறது, கண்ணாடியில் தன் நெஞ்சு மேலேயே தெரிகிறது என்றார். கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணில் கோளாறே இல்லை, இந்த வயதுக்கு இது வரம் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் கண்டக்டர் நடைபாதையிலேயே நின்றுவிட்டார்.

“துடைக்காத சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டுக் குடும்மா.”

எனக்கு வந்ததே கோபம். எல்லோரும் துடைக்கிறதைத் தேடி அலைகிறார்கள், இவர் அழுக்கைத் தேடுகிறார் என்று நடுத்தெருவில் சத்தம் போட்டேன். அவர் கைக்குட்டையால் சட்டையின் நெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாவதாகப் போட்ட சாஃப்ட்வேரில் துடைப்பதை நிறுத்த ஒரு பொத்தான் இருந்தது. நிறுத்தினாலும் புள்ளி மங்கலாகி, இருக்கிறதா இல்லையா என்று சண்டை போட வைத்தது. மூன்றாவது, யாரோ நாலு பேர் சும்மா எழுதி இலவசமாகப் போட்டது. பார்க்கச் சகிக்காது. முகமெல்லாம் பச்சை பூத்திருக்கும், ஒரு படம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் கேமரா கொடுத்ததில் கை வைக்காது.

முதல் படத்திலேயே இருந்தது. ஒரு மணப்பெண்ணின் தோளுக்குப் பக்கத்தில், சிவப்பாக.

“வந்துட்டான்” என்றார் கண்டக்டர்.

நாலு நாள் உட்கார்ந்து பிரித்தோம். புள்ளி உள்ளது தம்பிக்கு, இல்லாதது அண்ணனுக்கு. நல்ல படம் என்று நான் நிறுத்திய இடத்திலெல்லாம் புள்ளி இருந்தது. அழுகிற குழந்தை, குரூப் போட்டோவில் கடைசி வரிசையில் எட்டிப் பார்க்கும் பையன், மண்டபத்தில் செருப்பைத் தேடும் கிழவர். பஸ் விழுந்த அந்த ஒரு தேதியை மட்டும் கண்டக்டர் தள்ளித் தள்ளி வைத்தார். நாளைக்குப் பார்க்கலாம், கண் வலிக்கிறது, வெயில் ஏறட்டும் என்று சாக்கு. ஐந்தாம் நாள் காலையில் இஸ்திரி போடாத சட்டையோடு வந்து, “திற” என்றார்.

ஆறு. கூட்டம். கல். கண்டக்டர். மெதுவாக, பச்சையாக, மேலிருந்து கீழாகப் படம் நிரம்பியது. சட்டையில் அந்த இடத்தில் ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. அதை ஒட்டி, கீழே, சிவப்புப் புள்ளி.

நான் மாடிக்கு ஓடிச் சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். புள்ளி இருந்த இடத்தில்தான் இரண்டாவது பொத்தான். பக்கத்துத் துணியை நகலெடுத்து ஒட்டும்போது பொத்தானும் கூடவே வந்துவிட்டது. வீட்டில் யாரும் இடம் தப்பித் தைக்கவில்லை. தம்பி அவசரத்தில் தைத்தது அது. தன் படம் என்று தெரிந்து, தன் புள்ளியைத் தானே மறைத்து, கீழே அண்ணன் பெயரைப் போட்டுப் பேப்பருக்கு அனுப்பியிருக்கிறார். அப்போது அண்ணன் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த சமயம். காரணத்தைக் கேட்க இனி ஆள் இல்லை.

“உங்களுக்குத் தெரியவே தெரியாதாண்ணே?” என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

“ரெண்டு பேரும் தண்ணியில இறங்கினோம், ஏறினோம், எதை எடுத்தோம்னே தெரியாம எடுத்தோம். பேப்பர்ல என் பேரைப் பார்த்ததும் நான்தான்னு நினைச்சேன். அப்புறம் ஒரு சந்தேகம் வந்துச்சு.” கைக்குட்டையை மடித்தார், பிரித்தார். “கேக்கலாம்னு நூறு தடவை வாயெடுத்திருக்கேன். கேட்டா சொல்லிடுவானோன்னு கேக்கலை.”

அந்தக் கை நடுக்கம் யாருடையது என்று நான் கேட்கவில்லை.

அழித்துவிடச் சொல்லுவார் என்று ஒரு நிமிடம் பயந்தேன். அவர் சொன்னால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. பதினெட்டு வருடப் பெயர். அவர் அடுத்த படத்தைத் திறக்கச் சொன்னார். பிறகு அதற்கும் அடுத்ததை. அந்த நாளின் படம் முழுவதையும் பார்த்து முடித்தோம்.

தம்பி மனைவி வந்தபோது பெரிய உறையில் பிரிண்டுகள் தயாராக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே கண்டக்டர் படம், புள்ளியோடு.

“இது உங்க படம்ல மாமா?”

“இல்லைம்மா. அவன் எடுத்தது. பேப்பர்காரங்களுக்கும் எழுதிப் போட்டுட்டேன்.”

தம்பி மனைவி படத்தையே பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “வருஷா வருஷம் எங்க வீட்டுல உக்காந்து இந்தக் கதையைச் சொல்லுவீங்களே” என்றார். “இவர் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பாரே.” கண்டக்டர் தலை நிமிரவில்லை.

உறையின் அடியில் இருந்த பிரிண்ட்டைத் தம்பி மனைவி கடைசியாக எடுத்தார். அதே ஆறு, ஒரு நிமிடம் முந்தியது, கரையிலிருந்து எடுத்தது. ஓரத்தில் பஸ் கண்டக்டரின் நனைந்த சட்டைத் தோள். நடுவில், முழங்கால் தண்ணீரில், கேமராவைக் கண்ணில் வைத்து, முழங்கைகளை விலாவோடு இறுக்கிக்கொண்டு நிற்கிறார் தம்பி. வேலை செய்யும்போது அவரை இதைத் தவிர யாரும் படம் எடுத்ததே இல்லை. அவர் மனைவி முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் அந்தத் தண்ணீரைத் தொட்டார்.

“இது யார் எடுத்தது?”

“நான்” என்றார் கண்டக்டர். “அன்னைக்கு நான் எடுத்தது இது ஒண்ணுதான்ம்மா.”

அந்தப் படத்தை நான் பிறகு தனியாகப் பெரிதாக்கிப் பார்த்தேன், மூலை மூலையாக. எங்கேயும் புள்ளி இல்லை.