கோழிக் கொட்டகைக்குப் போன ஸ்டீரியோ

காரோடு வந்த ஸ்டீரியோவை எடுத்துவிட்டுப் புதிது மாட்ட, வாசலில் நானே டேஷ்போர்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் வந்து நின்றார். ஒடிசலான ஆள். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். கோழி மிரளும் என்று பழகிய பழக்கம்.

“ஏனுங்க, பழசக் குடுப்பீங்களா? மக பிரசவத்துக்குப் போறேனுங்க. ராத்திரில ஆள் சத்தம் இல்லைன்னா, இடி இடிக்கறப்போ குஞ்சுக மெரண்டு ஒண்ணுமேல ஒண்ணு ஏறிச் செத்துப்போயிருமுங்க.”

அவர் கொட்டகையிலேயே பேட்டரியும் ஸ்பீக்கரும் வைத்து மாட்டிக் கொடுத்தேன். ரேடியோவில் யாரோ பேச ஆரம்பித்ததும் சத்தத்தைக் கூட்டப்போனேன். என் கையை மெல்லப் பிடித்துக்கொண்டார்.

“போதும் சாமி. பக்கத்துல ஆள் இருக்குன்னு தெரிஞ்சாப் போதுமுங்க.”

என் புது ஸ்டீரியோ கண்ணாடி அதிரப் பாடும். தனியாக ஓட்டும்போது மட்டும், அவர் நிறுத்திய அளவில்தான் வைக்கிறேன்.