கோலை விட்டு ஓடியவர்

ஈர ரப்பரும் வியர்வையும் கலந்த ஒரு வாடை எங்கள் மாடிப்படிகளில் எப்போதும் நின்றுகொண்டிருக்கும்; குவைத்தின் ஃபர்வானியாவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில், இரண்டாம் மாடிக் கைப்பிடிக் கம்பியில் காயும் பெரிய கையுறைகளின் வாடை அது. கையுறைக்காரர் ஓர்ஹான் ஒரு துருக்கிக்காரர், உள்ளூர்க் கால்பந்து அணியின் கோல் கீப்பர். கீழே வாப்பா நடத்திய "பக்காலா"வுக்கு, அதாவது எங்கள் மளிகைக் கடைக்கு, தயிர் வாங்க வரும்போதெல்லாம் அரபியும் இந்தியும் கலந்து தன் கதையைச் சொல்வார்: கருங்கடல் ஓரத்துச் சிற்றூரில் பிறந்தது, பெரிய அணியொன்றில் மாற்று ஆளாக பெஞ்சிலேயே ஆண்டுகள் கழிந்தது, முப்பதைத் தாண்டி இங்கே வந்த பிறகுதான் முதல் கீப்பராக நின்றது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, கோப்பையை முடிவு செய்யும் ஆட்டத்துக்கு எங்களுக்கு டிக்கெட் கொடுத்தார். ஆட்டம் சமநிலையில் இருந்தது. பந்து இடது ஓரத்தில் எதிரணியிடம். எல்லாக் கண்களும் அங்கேதான். திடீரென்று ஓர்ஹான் கோலை விட்டு வலப்பக்கமாக ஓடினார். வெறும் வலையைக் கண்ட எதிரணிக்காரன் அங்கிருந்தே உதைக்க, பந்து துள்ளித் துள்ளி உள்ளே போனது.

"வித்துட்டான் பாய், மேட்ச்சையே வித்துட்டான்!" என்று பின்னிருக்கைத் தமிழர் ஒருவர் கத்தினார். தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. வகுப்பு முழுக்க ஓர்ஹானைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருந்த நான் அழத் தொடங்கினேன்.

உம்மாதான் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "அங்கே பாருளா!"

வலது ஓரத்தில், நடுக்கோட்டருகே எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் மல்லாந்து அசையாமல் கிடந்தார். ஓர்ஹான் மண்டியிட்டு, அவர் நெஞ்சில் இரு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கிடந்தவரின் தோழர்களோ அப்போதும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் கோலைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அரங்கம் அடங்கிய அந்த நொடி இன்னும் என் காதில் இருக்கிறது.

விழுந்தவர் பிழைத்தார். ஆனால் நடுவர் விசில் ஊதாததால் கோல் கோல்தான், கோப்பை போனது. அந்த வாரமே ஓர்ஹான் கடைக்கு வந்து, சிரித்தபடி சொன்னார்: "கோல் காலி, கீப்பர் காலி. கலாஸ், முடிஞ்சது பாய்." அணி அவரை நீக்கிவிட்டது.

"ஒரு உசுரக் காப்பாத்துனதுக்கா?" என்றார் வாப்பா, தமிழிலேயே.

உம்மா பொரிந்தார்: "ஒருத்தன் விழுந்து கெடக்கும்போது பந்தாவது, மண்ணாவது!"

வளைகுடாவில் வேறெந்த அணியும் அவரை எடுக்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டதோடு சரி.

ஃபர்வானியாக் கட்டடத்தை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். நான் இப்போது பர் துபாயில் இருக்கிறேன். சென்ற வாரம் என் மகன் விழுந்து விழுந்து சிரித்தபடி கைப்பேசியை நீட்டினான்: உலகின் முட்டாள் கீப்பர்கள் என்றொரு காணொளி. அதே ஆட்டம். காலியான கோல், துள்ளி வரும் பந்து, கீழே கருத்துகளில் வரிசையாகச் சிரிக்கும் முகப் பொம்மைகள்.

"வேர் டிட் ஹி கோ, மம்மி?"

"ஒருத்தர் விழுந்து கிடந்தார். அவரைக் காப்பாத்த ஓடினார்டா."

அவன் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். கேமரா பந்தோடு போயிருந்தது. விழுந்து கிடந்தவர் படத்தில் எங்கேயுமே இல்லை.