முத்துக்கனி அக்காவின் வண்டியை யாரும் தள்ள வேண்டாம்

கடைக்கு டீ கொண்டுவரும் அண்ணாச்சிதான் செய்தியைச் சொன்னார். “ஏளா, இங்கன ரிப்பேருக்கு வருவாவல்லா, அந்தத் தள்ளுவண்டிப் பொம்பள, காலையில போய்ச் சேந்துட்டாவ. பாவம்.”

நெஞ்சுச்சளி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். திரும்பி வருவார் என்றே நினைத்திருந்தேன். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. தள்ளுவண்டி, பாவம் என்ற இரண்டு சொற்களையும் அக்கா அடியோடு வெறுத்தார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிறுவயதிலேயே கால்கள் செயலிழந்தவர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பில் அடிக்கும் வேலை. பேட்டரி சக்கர நாற்காலியில், லாரிகளுக்கு நடுவே, சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போவார். வழிவிடாத டிரைவர்களை அவர் ஏசுவது நிலக்கரித் தூசியைத் தாண்டிக் கேட்கும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அப்பாவின் மோட்டார் கடையில் வேலை செய்கிறேன். ஆட்களிடம் பேச எனக்கு வராது. முதல் நாள் அக்கா வந்தபோதும் தலையைக் குனிந்தே நின்றேன்.

“நின்ன எடத்துல இருந்து கெளம்ப மாட்டேங்கு. சிவப்பு லைட்டு மட்டும் கண்ணடிக்கி. மேனேசரு, வீட்ல இருந்துக்கோங்கன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லுதாரு. வேலைய விட்டா நான் செத்தேம்ளா.”

பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தது. மோட்டார் வயரைக் கழற்றி நேராக பேட்டரியில் தொட்டேன், சுற்றியது. அப்படியானால் மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் டிரைவர் பெட்டிதான் கெட்டிருக்க வேண்டும் என்றார் அப்பா. வயரை மாட்டி, எல்லாவற்றையும் பழையபடி வைத்து, கைப்பிடியில் இருக்கும் ஓட்டுகிற குச்சியை அசைத்தால் வண்டி கிளம்பிவிட்டது. வீட்டிலும் ஓடியது. மறுநாள் ஆபீசில் மறுபடி நின்றுவிட்டது. கடைக்குத் தள்ளி வந்து வயரைக் கழற்றி மாட்டினால் திரும்பவும் ஓடியது.

“நீயே வந்து பாரு” என்று அக்கா என்னை இழுத்துப் போனார்.

ஆபீஸ் சரிவுப்பாதையில் வண்டி தானாகத்தான் ஏறியது. பாதியில் வாட்ச்மேன் ஓடி வந்தார். “ஏம்மா கஷ்டப்படுதீய, நான் தள்ளுதேன்.” பின்சக்கரத்தருகே இருந்த ஒரு சின்ன நெம்புகோலைக் காலால் தட்டினார். மேசைவரை தள்ளினார். அக்காவின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். அந்தத் துடைப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அக்கா குச்சியை அசைத்தார். சிவப்பு விளக்கு கண்ணடித்தது.

நான் குனிந்தேன். அந்த நெம்பைத் தட்டினால் பிரேக் விடுபட்டு, வண்டியைக் கையால் தள்ளலாம். பிரேக் விடுபட்டிருந்தால் டிரைவர் பெட்டி மோட்டாரை ஓட்டாது. அது வண்டிக்கு வைத்திருக்கும் பாதுகாப்பு. நெம்போ அக்காவின் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில் இருந்தது. கடையில் மோட்டார் வயரைக் கழற்றி மாட்டியபோது நாங்கள் அறியாமலே அதைப் பழைய நிலைக்குத் தள்ளியிருக்கிறோம். நெம்பையும் வாட்ச்மேனையும் மாறி மாறி விரலால் காட்டினேன்.

“மோட்டாருக்கு ஒண்ணுமில்ல. இவுஹ இரக்கந்தான் என்னய நிப்பாட்டிருக்கு, சீ!” என்றார் அக்கா. பிறகு வாட்ச்மேனிடம், “அண்ணாச்சி, இனி என் வண்டியத் தொட்டீயன்னா கைய ஒடிச்சிருவேன்.”

“நல்லது செஞ்சா இப்பிடிப் பேசுதீயளே!”

“நான் கேட்டேனா?”

அதன்பிறகு வண்டி நிற்கவில்லை. அக்காவும் வேலையை விடவில்லை.

சாவு வீட்டில் மேனேஜர் பேசினார். “எங்க வாட்ச்மேன்தான் தினமும் தள்ளிக்கிட்டு வருவார். அவர் இல்லன்னா இந்தப் பிள்ள என்ன செஞ்சிருக்கும்?” எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். வாட்ச்மேன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செத்த பிறகும் அக்காவைத் தள்ளிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அக்காவை ஏற்றிய ஊர்தி கிளம்பும்போது வாசலில் நாற்காலி வழிமறித்து நின்றது. வாட்ச்மேன் வந்து நெம்பைக் காலால் தட்டினார்.

“தொடாதீய!”

கத்தியது நான்தான். தெருவே திரும்பிப் பார்த்தது. முகம் எரிய, குனிந்து நெம்பை மேலே தூக்கிவிட்டேன். பக்கத்தில் நின்று குச்சியை அசைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. பெண்கள் போகக்கூடிய தெருமுனைவரை, ஊர்திக்குப் பின்னால், காலி நாற்காலி தன் மோட்டாரிலேயே ஓடியது. நான் மணியை அடித்துக்கொண்டே உடன் நடந்தேன்.

போய் வாருங்கள் அக்கா. முனைவரை யாரும் தள்ளவில்லை.