ஆத்தா போடச் சொன்ன மாத்திரை

என்னை நினைத்தால் எனக்கே குமட்டும். அதைச் சொல்லாமல் அங்காளம்மன் காட்டிய கருணையைச் சொல்ல முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மல்லசமுத்திரத்துக்காரன். ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட ஊர் ஊராகப் போனவன். இடுப்பு வலிக்கென்று தொடங்கிய மாத்திரை பிறகு போதை ஊசியானது. குத்திய இடமெல்லாம் சீழ். மனைவி சுமதி மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சோறு வைப்பாள்.

போன வருடம் சித்திரையில் அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். சீ, அதையும் திருடினேன்! டப்பாவில் கால்சியம் மாத்திரையைப் போட்டு வைத்தேன். "மாத்தரைக்கு வலி கேக்க மாட்டேங்குதே, சாமி" என்று என்னிடம் சொல்லித் துடித்தார். நான் கண் சொருகிக் கிடந்தேன். நாய்கூட இதைச் செய்யாது.

சுமதி கண்டுபிடித்தாள். "பெத்தவரு உசுரையா திங்கறீங்க?" என்று கத்தி, அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை கொடுத்தார். "தெனமும் போடோணுங்க. நாஞ் சொல்லாம நிறுத்தக் கூடாது" என்றார். ஒரே வாரத்தில் நடுக்கமும் வெறியும் அடங்கின. இனிப் போதையைத் தொடமாட்டேன் என்று அங்காளம்மன் கோயிலில் கயிறும் கட்டிக்கொண்டேன்.

வந்தது வினை. "கவுறு கட்டீட்டு மாத்தர போடறானே, சாமி குத்தமில்லீங்களா?" என்றார்கள் சொந்தக்காரர்கள். அப்பாவுக்கு ஒருவாய் கஞ்சி கொண்டுவராத சொந்தம்! நானும் பயந்து நிறுத்தினேன். நான்காம் நாள் என் கை மறுபடி அப்பாவின் டப்பாவுக்குள் இருந்தது. சுமதி பார்த்துவிட்டாள்.

எங்கள் பக்கம் மனம் குழம்பினால் சாமியிடம் பூக் கேட்போம். சிலைமேல் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். சுமதி என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், "இவரு மாத்தர போடலாமா தாயே, நீயே சொல்லு" என்று அழுதாள். இந்த ஈனப்பிறவிக்கு ஆத்தா எதற்கு வாய்திறப்பாள் என்று நின்றேன்.

வலப்பக்கமே விழுந்தது. "கவுறு போதைக்குத்தானுங்க, மருந்துக்கில்லீங்க" என்றார் பூசாரி.

ஒரு வருடமாக ஒரு நாளும் மாத்திரை தவறவில்லை. உள்ளூரிலேயே தறி ஓட்டுகிறேன். உங்கள் வீட்டிலும் என்னைப்போல் ஒரு கேடுகெட்டவன் இருந்தால் ஆத்தாளை நம்புங்கள். நம்பி ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போங்கள். தயவுசெய்து மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

அப்பா அந்த ஆவணியிலேயே போய்ச் சேர்ந்தார். கடைசி நாட்களில் அவருக்கு மாத்திரை கொடுக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஒருநாள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு நான் திருடியதைச் சொல்லிவிட்டேன்.

"தெரியுஞ் சாமி" என்று சொல்லி, மாத்திரைக்கு வாயைத் திறந்தார்.