கொழுந்தனின் பெயரை நீக்கினேன்

பத்தாவது மட்டுமே படித்தவள் பத்திரிகைக்கு எழுதுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டிலேயே என் கணவரும் அவர் தம்பி அருளும் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்தார்கள். இரண்டு கம்ப்யூட்டர்கள், இடையில் ஒரு வயர். இரண்டிலும் இருவர் பெயரும் இருக்கும். அவரவர் பெயரை அழுத்தி உள்ளே போவார்கள். அண்ணன் தம்பிக்குள் கொஞ்ச நாளாகவே மனத்தாங்கல்.

ஒரு மதியம் கணவரின் கம்ப்யூட்டர் மிக மெதுவாக ஓடியது. அருளின் பெயர்தான் அடுத்த கம்ப்யூட்டரிலும் இருக்கிறதே, எல்லாம் அங்கேயும் இருக்கும் என்று நம்பி, பாரம் குறையட்டுமென்று இதில் அவர் பெயரை நீக்கினேன். ஃபைல்களையும் அழிக்கவா என்று கேட்டது. சரி என்று அழுத்திவிட்டேன். அவருடைய ஒரு வருட டிசைன்கள் இதில் மட்டும்தான் இருந்தன.

சாயங்காலம் அருள் வந்து பார்த்தார்.

"நீயெல்லாம் ஒரு அண்ணனா? எம் பொழப்பையே அழிச்சுட்டியே!"

"ஏலே, நான் தொடவே இல்லடா!"

கீபோர்டு கணவரின் முகத்தில் உடைந்தது. அடுத்து இரும்பு ஸ்டூல் தலையில் இறங்கியது. மானிட்டரெல்லாம் ரத்தம். பயத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்டூல் மறுபடி உயர்ந்தபோதுதான் கத்தினேன்.

"தம்பி, நான்தான் அழிச்சேன்! என்னைய அடிங்க!"

ஸ்டூல் கீழே விழுந்தது. "இம்புட்டு நேரம் பாத்துக்கிட்டா நின்னீங்க, மதினி?" என்றார்.

இப்போது கம்ப்யூட்டரில் என் பிள்ளைகளின் பெயரை நீக்குவதென்றாலும் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஃபைல்களை சிடியில் எடுத்த பிறகே நீக்குகிறேன். தப்பு செய்தால் உடனே சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சண்டைக்கு மறுநாள் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து தலையில் ஏழு தையலோடு வீடு வந்தார். அதற்குள் அருள் வயரைப் பிடுங்கிவிட்டு, தன் கம்ப்யூட்டரோடு சாணார்பட்டிக்குப் போய்விட்டிருந்தார்.