சீட்டைத் தொடாதீங்க

என் மனைவி என்னைவிட ஒரு சாண் உயரம். கல்யாணப் படத்தில் நான் அவளுக்குச் சமமாக நிற்கிறேன் என்றால், என் காலுக்குக் கீழே இரண்டு செங்கல் இருந்தது என்று அர்த்தம். படத்தில் செங்கல் தெரியாது. ஆனால் இரண்டு வீட்டு உறவினர்களுக்கும் தெரியும். இருபது வருடமாக யாராவது ஒருவர் அதைச் சொல்லிச் சிரிக்காமல் எங்கள் வீட்டில் ஒரு காபிகூட முடிந்ததில்லை.

நான் தையற்காரன். அவள் ஒரு பெரிய பட்டறையில் கார் எலெக்ட்ரீஷியன். அங்கே அவளுக்குப் பெயர் 'ஏணி'. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "நல்ல உயரமா இருக்கியேம்மா, அந்த டியூப் லைட்டெல்லாம் மாத்திடு" என்று சொன்னார்களாம். அவள் முகம் சுளிக்காமல் பன்னிரண்டு டியூப் லைட்டையும் மாற்றினாள். சாயங்காலம் வேலைத் தாளில், 'மாற்றிய டியூப் லைட்: பன்னிரண்டு. எனக்குக் கொடுத்த கார்: ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் காலையில் அவளுக்கு ஒரு கார் கிடைத்தது. பெயர் மட்டும் ஏணி என்றே நின்றுவிட்டது.

அவள் யார் பேச்சையும் லேசில் நம்ப மாட்டாள். காரின் கோளாறைச் சொல்லும் கம்ப்யூட்டர் ஸ்கேனர் பேச்சைக்கூட. "ஸ்கேனர் சொல்றது வதந்திங்க. மீட்டர் வெச்சுப் பார்த்தாதான் சாட்சி" என்பாள். நான் சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னாலும் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. இப்படிப்பட்டவள் ஒரு புதன்கிழமை ஒரு தப்பான தாளில் கையெழுத்துப் போட்டாள். நான் சொல்ல வந்தது அந்தத் தாளைப் பற்றி.

சில கார்களில் ஸ்டீயரிங்கை ஓட்டுகிறவர் உடம்புக்குத் தகுந்தபடி மேலே, கீழே, முன்னே, பின்னே நகர்த்தலாம். கையால் இழுக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச். அதை அழுத்தினால் ஸ்டீயரிங் தண்டுக்குள் இருக்கிற மோட்டார் நகர்த்தும். கதவில் ஒன்று, இரண்டு என்று பட்டன்களும் உண்டு. உங்கள் பட்டனை அழுத்தினால் சீட்டும் ஸ்டீயரிங்கும் தாமாகவே உங்கள் அளவுக்கு வந்து நிற்கும்.

அப்படி ஒரு கார் ஒரு பெரிய ஆபீஸிலிருந்து பட்டறைக்கு வந்தது. அதை ஓட்டுகிறவள் ஒரு பெண். என்னைவிடக் குள்ளம், அதனால் எனக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஓட்டும்போது ஸ்டீயரிங் தானாக மேலே எழும்புகிறது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள் ஆபீஸ் வாசலில் வேகத்தடை ஏறி வளைக்கும்போது ஸ்டீயரிங் எழும்பி, பிடி நழுவி, வண்டி தூணில் உரசிவிட்டது. பின் சீட்டில் இருந்த பெரிய அதிகாரிக்கு நெற்றியில் வீக்கம். வீங்கியது அதிகாரியின் நெற்றி என்றால் சும்மா விடுவார்களா?

'என் கவனக்குறைவால்' என்று தொடங்கும் ஒரு கடிதத்தைத் தயார் செய்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குள் அவள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வண்டியை விட்டு எடுத்து மாடியில் கோப்பு தூக்க வைப்பார்கள். போடாவிட்டால் வேலையே போய்விடும்.

ஆபீஸ்காரர்கள் அவ்வளவு தைரியமாக இருந்ததற்குக் காரணம் பட்டறை கொடுத்த தாள்தான். சூப்பர்வைசர் சோதித்தார், கோளாறு இல்லை. இன்னொரு எலெக்ட்ரீஷியன் சோதித்தார், கோளாறு இல்லை. மூன்றாவதாக ஏணி. ஃபியூஸ் பார்த்தாள், மோட்டாருக்கு வரும் மின்சாரத்தைப் பார்த்தாள், சுவிட்சை நாற்பது தடவை மேலும் கீழும் அழுத்திப் பார்த்தாள், ஒயர்களை ஆட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. 'கோளாறு இல்லை' என்று அவளும் எழுதினாள்.

வியாழக்கிழமை அந்தப் பெண் பட்டறைக்கே வந்துவிட்டாள். சண்டை போடவில்லை. தாளில் இருந்த மூன்றாவது கையெழுத்தில் விரலை வைத்து, "இது நீங்க போட்டதா அக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நான் பொய் சொல்றேன்னு நீங்களும் நினைக்கிறீங்களா?"

இவள் தன் கையெழுத்தையே பார்த்தாள். அந்தப் பெண் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று சாயங்காலம் இவள் என்னிடம் அதைச் சொன்னபோது முகம் சின்னதாகப் போயிருந்தது. என் சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வழக்கம்போல எங்களுக்குள் சண்டை. எங்களிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. காலையில் அவள் ஓட்டிக்கொண்டு போய்ப் பட்டறையில் இறங்குவாள், அங்கிருந்து நான் என் கடைக்கு ஓட்டிப் போவேன். அவள் இறங்கிய பிறகு நான் உட்கார்ந்தால் என் கால் பிரேக்குக்கு எட்டாது. அன்றும் எட்டவில்லை.

"ஏம்மா, உட்கார்ந்ததும் உட்காராததுமா சீட்டைப் பின்னால தள்ளணுமா? நான் ஒருத்தன் இதை ஓட்டறேங்கற நினைப்பே கிடையாதா?"

"நான் எங்க தள்ளினேன்?"

"தினமும் தள்றே. கை தானா போகுது. நீ தள்றது உனக்கே தெரியறதில்ல."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். திரும்பி வந்து ஜன்னல் வழியாகக் குனிந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். இருபது வருடத்தில் அவள் என்னை அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

"இறங்குங்க" என்றாள்.

"கடை திறக்கணும்மா."

"பதினோரு மணிக்கு ஒரு பொண்ணோட வேலை போகப்போகுது. உங்க கடை எங்கயும் போகாது. இறங்குங்க."

என் குள்ளத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலை கிடைத்தது. அந்தக் காரில் என்னை உட்கார வைத்து இரண்டாம் நம்பர் பட்டனை அழுத்தச் சொன்னாள். அது அந்தப் பெண்ணின் பட்டன். சீட் முன்னால் நகர்ந்தது. ஸ்டீயரிங் கீழே இறங்கி என் மார்புக்கு நேராக வெளியே வந்தது. எனக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

"நாங்க மூணு பேரும் இந்த இடத்துல நிறுத்தி வெச்சு ஆட்டிப் பார்க்கவே இல்ல" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்று எனக்குத் தெரியும். "மூணு பேரும் உயரம். ஏறினதும் சீட்டைத் தள்ளிட்டோம், ஸ்டீயரிங்கை மேலே ஏத்திட்டோம். அந்தப் பொண்ணு உட்கார்ற மாதிரி ஒருத்தர்கூட உட்காரல."

எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. அளவெடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அப்படி எடுத்த அளவில் சட்டை தைத்தால் பித்தான் போட முடியாது.

அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு என் காலடியில் மல்லாந்து படுத்தாள். பாதி உடம்பு காருக்குள், பாதி வெளியே. பெயின்ட் அடிப்பவரையும் வெல்டரையும் கூப்பிட்டு, வண்டியின் முன்பக்கத்தை அமுக்கி அமுக்கி விடச் சொன்னாள், வேகத்தடையில் ஏறி இறங்குவது போல. ஒரு தடவை, ஒன்றும் இல்லை. இரண்டு தடவை, ஒன்றும் இல்லை. வெல்டர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மூன்றாவது தடவை உள்ளே மோட்டார் முனகியது. ஸ்டீயரிங் என் கைக்குள்ளிருந்து தானாக மேலே எழும்பியது. போலீஸில் பிடிபட்டவன் மாதிரி நான் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன்.

"நான் எதையும் தொடலம்மா."

"தெரியும்" என்று கீழிருந்து குரல் வந்தது. "அந்தப் பொண்ணும் தொடல."

டார்ச் வெளிச்சத்தில் எனக்கும் காட்டினாள். ஒயர்க் கட்டு ஒன்றை, டை என்கிற வெள்ளை பிளாஸ்டிக் நாடாவால் ஓர் இரும்புப் பட்டையோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஸ்டீயரிங் மேலே இருந்தால் ஒயர் தொளதொளவென்று கிடக்கும். கீழே இறக்கி வெளியே இழுத்தால் விறைத்துக்கொண்டு பட்டையின் ஓரத்தில் உரசும். உரசி உரசி ஒரு ஒயரில் அரிசி அளவுக்குத் தோல் போய்ச் செம்பு தெரிந்தது. அது சுவிட்சிலிருந்து வரும் ஒயர். அது இரும்பைத் தொட்டால், யாரோ மேலே ஏற்றச் சொல்லி அழுத்துகிறார்கள் என்று மோட்டார் நினைத்துக்கொள்ளும்.

அந்த டை கம்பெனி போட்டது அல்ல. நான்கு மாதத்துக்கு முன்னால் வண்டி எங்கே போகிறது என்று காட்டும் பெட்டி ஒன்றை இதே பட்டறையில் மாட்டியிருந்தார்கள். பழைய வேலைத் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தாள். மாட்டியவர் சூப்பர்வைசர்.

அவர் பத்து மணிக்கு வந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"சரிம்மா. டையை வெட்டு, டேப் சுத்து, வண்டியை அனுப்பு. முடிஞ்சுது."

"வெட்டினா சாட்சி போயிடும் சார்."

"என்ன சாட்சி? இது என்ன கோர்ட்டா? அந்த டிரைவர் விஷயம் அவங்க ஆபீஸ் விஷயம். நமக்கு எதுக்கு?"

"அந்த டிரைவர் தலையில விழப்போறது நம்ம மூணு பேர் கையெழுத்து சார்."

"யோசிச்சுப் பேசு. உன் கையெழுத்தும் அதுல இருக்கு. தப்புன்னா உனக்கும் தப்பு."

"ஆமா. எனக்கும் தப்புதான். அதையும் சேர்த்தே சொல்றேன்."

அவள் ஒரு ஸ்டூலை இழுத்து டிரைவர் பக்கக் கதவோரம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். யாரும் வண்டியை நெருங்க முடியாது. சூப்பர்வைசர் இரண்டு தடவை அந்தப் பக்கமாக நடந்தார். அவள் ஸ்குரூடிரைவரால் நகத்தில் இருந்த அழுக்கை எடுத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள். இவள் வேலையும் சேர்ந்து போய்விடுமோ என்று எனக்குக் கவலை. ஆனாலும் என் கடையை அன்று நான் திறக்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு ஆபீஸிலிருந்து வண்டிப் பிரிவு அதிகாரி வந்தார். நல்ல ஆஜானுபாகு. கூடவே அந்தப் பெண், கண் சிவந்து, தாடை இறுகி. அதிகாரி கையில் கடிதம், சட்டைப் பையில் பேனா. பட்டறையில் வைத்தே கையெழுத்து வாங்கிவிட்டு, வண்டியை வேறு டிரைவரிடம் கொடுத்துவிடலாம் என்று வந்திருக்கிறார்.

ஏணி எழுந்து நின்றாள். அவள் எழுந்து நின்றால் யாரும் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

"சார், கையெழுத்துக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் இதுல உட்காருங்க."

இரண்டாம் நம்பர் பட்டனை அவள் ஏற்கெனவே மறுபடி அழுத்தி வைத்திருந்தாள். அவர் சலித்துக்கொண்டே ஏறினார். முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. கை தானாகச் சீட் சுவிட்சுக்குப் போனது.

"சீட்டைத் தொடாதீங்க" என்றாள்.

"உட்கார முடியலையேம்மா."

"அவங்க இப்படித்தான் சார் உட்கார்றாங்க. அவங்க வண்டி ஓட்டின மாதிரி உட்கார்ந்து பாருங்க. ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல இருக்கட்டும்."

பெயின்டரும் வெல்டரும் அமுக்கினார்கள். இந்தத் தடவை வெல்டர் கண்ணடிக்கவில்லை. இரண்டாவது அமுக்கலிலேயே ஸ்டீயரிங் எழும்பியது. அதிகாரி அதைக் கீழே தள்ளப் பார்த்தார். அது கேட்கவில்லை. அவர் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

இவள் டார்ச்சை அடித்து டையைக் காட்டினாள். யார் கட்டியது, எப்போது கட்டியது என்று வேலைத் தாளைக் காட்டினாள். "புதன்கிழமை நான் சீட்டைத் தள்ளிட்டுப் பார்த்தேன். அதனால எனக்குத் தெரியல. என் சோதனை தப்பு" என்றாள். சூப்பர்வைசர் மேற்கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு டியூப் லைட்டும் நன்றாகத்தான் எரிந்தன.

அதிகாரி கஷ்டப்பட்டு இறங்கினார். கடிதத்தை நான்காக மடித்தார். "சரி, சரி. இதை இதோட விட்டுடலாம்" என்றார்.

"விட்டுட்டா எப்படி சார்?" என்றாள் அந்தக் குள்ளப் பெண். "என் தப்புன்னு எழுதிக் கொண்டுவந்தீங்க. இப்ப வண்டியோட தப்புன்னு எழுதிக் குடுங்க. பேனா உங்க பையிலயேதான் இருக்கு."

அவர் ஏணியைப் பார்த்தார். இவள், "போனட் மேல வெச்சு எழுதலாம் சார், சூடு இல்ல" என்றாள். அவர் எழுதினார். இரண்டு வரி. அந்தப் பெண் வாங்கி, நின்றபடியே இரண்டு தடவை படித்து, தேதி போடச் சொல்லித் திரும்ப நீட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குள்ளமானவர்களுக்கு இப்படி ஒரு நாள் அடிக்கடி வாய்ப்பதில்லை.

அதன் பிறகுதான் இவள் டையை வெட்டினாள். வேலைத் தாளில், 'காரணம்: இந்தப் பட்டறையில் கட்டிய டை' என்று எழுதினாள். 'நாள்பட்ட தேய்மானம்' என்று மாற்றி எழுதச் சொல்லி சூப்பர்வைசர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். அவள் மாற்றவில்லை.

அடுத்த வாரம் அவளுக்கு மெமோ வந்தது. புதன்கிழமைச் சோதனையில் அலட்சியமாம். எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் நிதானமாகப் படித்துவிட்டு, "சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றாள். அதைத் தன் டூல் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டினாள். பக்கத்தில் ஒரு அட்டையில் 'சீட்டைத் தொடாதீங்க' என்று பெரிதாக எழுதி ஒட்டினாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு காரிலும் ஏறுகிறாள். எங்கள் காருக்கு மட்டும் அந்தச் சட்டம் செல்லாது. என் கால் இன்னும் பிரேக்குக்கு எட்டுவதில்லை.

சூப்பர்வைசருக்கு மெமோ எதுவும் வரவில்லை. அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும், வேலையைத் தொடங்குவதற்கு முன்னால், இவள் அவர் அறை வாசலில் தலையைக் குனிந்துகொண்டு போய் நிற்கிறாள்.

"சார், எனக்கு மெமோ வந்துடுச்சு. உங்களுக்கு வந்துடுச்சா?"

ஏழு மாதமாகக் கேட்கிறாள். திங்கட்கிழமைகளில் அவர் லீவு போட ஆரம்பித்திருக்கிறார். அதனால் இப்போது செவ்வாய்க்கிழமை கேட்கிறாள்.