உயிரோடிருப்பவரின் படத்துக்கு மாலை

நவம்பர் ஒன்பதாம் திகதி, சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். குடையை விரித்தால் வெட்கம், விரிக்காவிட்டால் நனைவு என்கிற மாதிரியான மழை. லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் தமிழ் முதியோர் சங்கக் கூட்டம் மூன்றரைக்குத் தொடங்கியிருக்க வேண்டும். மண்டபத்தில் நூற்றிருபது கதிரை, அறுபத்தொரு பேர்.

எனக்கு அன்று ஒரே ஒரு வேலை. அமெரிக்கக் கீழ்ச்சபையில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்த ஓர் உறுப்பினர், இனிப் போட்டியிடுவதில்லை என்று சொல்லி, ஜனவரி மூன்றாம் திகதி பதவி விட்டுப் போகிறார். பதினெட்டுத் தேர்தல் வென்றவர். சபைக்குள் தோற்றதுதான் அதிகம்: குறைந்தபட்சக் கூலியை உயர்த்தும் சட்டமூலத்தை ஒன்பது முறை கொண்டுவந்தார், எட்டு முறை தோற்றார். ஒவ்வொன்றையும் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருக்கிறேன்.

காரணம் என் தம்பி. அவருடைய தொகுதியிலிருந்த தடுப்பு முகாமில் பதினான்கு மாதம் கிடந்தான். வாக்கில்லாத அந்த அகதிக்காக அவர் ஆறு கடிதம் எழுதினார். தம்பி வெளியே வந்தான். நன்றி எழுதும் பொறுப்பை நான் ஏற்றேன். பிறகு எழுதலாம், பிறகு எழுதலாம் என்று முப்பத்திரண்டு ஆண்டு போய்விட்டது. தம்பியும் போன வருடம் போய்விட்டான். அந்த மனிதர் பதவியில் இருக்கும்போதே ஒரு நன்றிக் கடிதம், சங்கத்தாரின் கையெழுத்துகளுடன், அவர் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான்.

ஆள் யாரென்று சனத்துக்குத் தெரியட்டும் என்று அவர் படத்தைச் சட்டகமிட்டுக் கொண்டுபோனேன். அதுதான் என் பிழை. கழிப்பறைக்குப் போய் ஆறு நிமிடத்தில் திரும்பினால், படத்துக்கு மாலை, முன்னால் குத்துவிளக்கு.

"என்ன தங்கச்சி இது? ஆள் உயிரோட இருக்கிறார்!"

விளக்கேற்றிய பெண் என்னைக் கோபமாகப் பார்த்தார். "அப்ப ஏன் அண்ணை படம் கொண்டுவந்தனீங்கள்?"

பதில் சொல்வதற்குள் செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார். எங்கள் கூட்டம் எதுவும் இறந்தவர்களுக்கான அகவணக்கம் இல்லாமல் தொடங்காது. "எல்லாரும் எழும்புங்கோ. இந்தப் பெரியவருக்காகவும் ஒரு நிமிசம்." அறுபத்தொரு பேரும் எழுந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். பக்கத்திலிருந்தவர் என் கையைப் பிடித்து அமத்தினார். அந்த நிமிடம் நாற்பத்தொரு வினாடியில் முடிந்தது.

எனக்குத் தருவதாகச் சொன்ன இருபது நிமிடம் இரண்டானது. "சுருக்கிச் சொல்லுங்கோ அண்ணை, பிள்ளையளின்ர டான்ஸ் இருக்கு." உயிரோடிருக்கிறார் என்று மூன்று முறை சொன்னேன். ஒலிவாங்கி வேலை செய்யவில்லை.

கையெழுத்துகள் நாற்பத்து மூன்று கிடைத்தன. வீட்டில் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தொரு பேர் பக்கத்தில் 'ஆத்மா சாந்தியடையட்டும்' என்று எழுதியிருந்தார்கள். எட்டுப் பேர் அதை ஆங்கிலத்தில்.

செயலாளருக்குப் போன் எடுத்தேன். "அனுப்பிவிடுங்கோ அண்ணை, எண்டைக்கோ ஒரு நாள் உதவுந்தானே!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடிதத்தை மறுபடி எழுதினேன். லண்டனின் அந்தக் கோடியிலிருக்கும் டூட்டிங்குக்கு இரண்டு தடவை, பக்கத்திலிருக்கும் பார்க்கிங் என்கிற ஊருக்கு ஐந்து தடவை, கதவு கதவாகப் போனேன். "அவர் செத்தவரல்லோ?" என்று கேட்காத வீடு நான்கு. டிசம்பர் பதினெட்டுக்குள் இருபத்தாறு கையெழுத்து சேர்ந்தது. இருபத்தேழாவது இடத்தில் தம்பியின் பெயரை நானே எழுதினேன். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் மட்டும், காலமாகிவிட்டான் என்று குறித்தேன்.

டிசம்பர் முப்பதாம் திகதி அவர் அலுவலகத்தில் ஒருவர் ஒப்பமிட்டுப் பெற்றுக்கொண்டதாகக் கூரியர்காரரின் செய்தி வந்தது. நான்கு நாள் மீதி. பதில் வரவில்லை, நான் கேட்கவுமில்லை.

பஸ்ஸும் ரயிலும் முதியோர் அட்டையில் இலவசம். சட்டகம் பதினான்கு பவுண், நல்ல தாள் ஆறு, கூரியர் அறுபத்தொன்றே முக்கால். மாலைக்கு எட்டுப் பவுண் என்று செயலாளர் என்னிடமே வாங்கிவிட்டார். எல்லாமாக எண்பத்தொன்பது பவுண் எழுபத்தைந்து பென்ஸ்.